முன்சக்கரத்து பிரேக் கட்டைகள்

மார்ச் 5, புதன்

திருநீற்றுப் புதன். ஆறு மணிப் பூசைக்குப் போய்ச் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். இந்தத் தவக்காலத்துக்கு இரண்டு ஒறுத்தல். காப்பியில் சர்க்கரை கிடையாது. யாரையும் குறை சொல்வது கிடையாது. முதலாவது எளிது.

மார்ச் 7, வெள்ளி

இரண்டாவது இன்று காலையே உடைந்தது.

காரணம், மாடியில் குடியிருக்கும் சண்முகக்கனியின் சைக்கிள். கனி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். விடிந்ததும் வீடு வீடாகப் போய், வெளியே வர முடியாதவர்களிடம் ரத்தம் எடுத்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவாள். அவள் தெருமுனை திரும்பும்போதே பிரேக் கிறீச்சிடும். என் ஜெபமாலையில் எத்தனையாவது மணியில் இருந்தேன் என்பது மறந்துபோகும்.

இன்று அவளைக் கேட்டின் அருகே நிறுத்தினேன்.

"ஏன் கனி, அந்தச் சத்தம் உன் காதுல விழலையா?"

"விழுது ஆன்ட்டி. பெல்லுக்கு ஒதுங்காத ஆட்டோக்காரன்கூட இதுக்கு ஒதுங்குதான்."

குனிந்து பார்த்தேன். முன்சக்கரத்தின் பிரேக் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கைப்பிடியைத் தொடாமலே இடது கட்டை சக்கரத்தின் இரும்பு வளையத்தில் உரசிக்கொண்டிருந்தது. வலது கட்டை தள்ளி நின்றது. பின் பிரேக்கின் வயர் எப்போதோ அறுந்துவிட்டது. அதைக் கேட்டதற்கு, "முன்னால நின்னா பின்னாலயும் நின்னுரும்லா" என்கிறாள். படித்த பெண்!

"பட்டுராஜண்ணன்ட்ட காட்டினேன். ஓடுத வரைக்கும் ஓடட்டும்னுட்டாவ."

பட்டுராஜ் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். எனக்கு வாய் நிற்கவில்லை. "அவன் கையில எந்த வேலை நேரா இருந்துச்சு? கடை போர்டே கோணல்" என்று சொல்லிவிட்டேன். கனி சிரித்தாள். சிரிப்பு வருவதுபோல் குறை சொல்வது இன்னும் பெரிய குற்றம்.

மார்ச் 8, சனி

கனிக்கு இன்று விடுமுறை. சைக்கிளைப் போர்ட்டிகோவில் நிறுத்தச் சொல்லி நானே பார்த்தேன். என் கணவர் கஸ்பார் துறைமுகப் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர். அவர் போனபிறகு அவருடைய ஸ்பேனர்களை எண்ணெய் துடைத்து வைப்பதோடு சரி. இன்றுதான் ஒன்றை வேலைக்கு எடுத்தேன்.

பிரேக் என்பது நண்டின் கொடுக்குபோல. சக்கரத்தின் வளையத்தை இரு பக்கமும் ஒரே நேரத்தில் கவ்வ வேண்டும். பின்னால் இருக்கிற ஒரே ஒரு நட்டுத்தான் கொடுக்கை நிறுத்திவைக்கிறது. அதைத் தளர்த்திக் கையால் நடுவே கொண்டுவந்தால், இறுக்கும்போது கூடவே திரும்பி மறுபடி சாய்ந்துகொள்கிறது. நான்கு முறை அப்படி ஆயிற்று. பிறகு எனக்கு வழி தோன்றியது. ஒரு பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை இரண்டாக வெட்டினேன். இரண்டு கட்டைக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒவ்வொரு துண்டைச் செருகி, பிரேக் கைப்பிடியை அழுத்திக் கயிற்றால் கட்டிவிட்டு, அதன்பிறகு நட்டை இறுக்கினேன். கயிற்றை அவிழ்த்து அட்டைகளை உருவினால் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி. சக்கரத்தைச் சுழற்றினேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அதோடு விட மனம் வரவில்லை. இத்தனை நாள் ஒரு பக்கமாக உரசியதில் இடது கட்டை தேய்ந்திருந்தது, வலது தடிப்பாக இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த பிறகு அதை எப்படி அப்படியே விடுவது? இரண்டையும் கழற்றி, இடதை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமுமாக மாற்றி மாட்டினேன். மெத்தையைத் திருப்பிப் போடுவதுபோல. இனி இரண்டும் சமமாகத் தேயும்.

நான் படித்த கான்வென்டில் மதர் அகத்தா தையல் வகுப்பில் துணியின் உட்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். இதையும் அவர் பார்த்திருக்கலாம் என்று நினைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

கனி பாலம்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "ஆன்ட்டி, தொட்டா நிக்குது! பட்டுராஜண்ணன் கடைய நீங்களே எடுத்து நடத்தலாம்." பூசை முடிந்து கோவில் வாசலில் இரண்டு பேரிடம் இதைச் சொன்னேன். அவர்களாக ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

முன்சக்கரம் பஞ்சர். கனி பட்டுராஜிடம் விட்டு வாங்கி வந்தாள். அவன் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறான். பிரேக்கைத் தொட்டானா என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

சிலுவைப்பாதை. முழங்கால் வலி.

மார்ச் 17, திங்கள்

மீன்காரி ஞானப்பூ கூடையை இறக்கிக்கூட வைக்காமல் கேட்டிலிருந்தே கத்தினாள். "எம்மா, உங்க மாடிப் பிள்ள பாலத்து எறக்கத்துல விழுந்து கெடக்கு!"

நான் செருப்பைப் போடுவதற்குள் ஓர் ஆட்டோ கனியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டது. இன்னோர் ஆட்டோக்காரர் சைக்கிளைக் கொண்டுவந்து போட்டார். இறக்கத்தில் ஆடு குறுக்கே வந்ததாம். பிரேக்கை அழுத்தியிருக்கிறாள், பிடிக்கவில்லை. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. தாடையில் தையல். ரத்தப் பெட்டி நொறுங்கிப்போனதாம்.

வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எப்படி, எப்படி என்று எல்லாரும் என்னையே கேட்டார்கள்.

"போன வியாழக்கிழமை பட்டுராஜ்தான் அந்தச் சக்கரத்தைக் கழட்டி மாட்டினான்" என்றேன்.

இதில் பொய் எதுவும் இல்லை. யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஞானப்பூ உடனே, "அம்மாவே சொல்லிட்டாவ, பெறகென்ன" என்றாள். இரண்டு பேர் தெருமுனைக்குப் போனார்கள். அங்கே சத்தம் பெரிதாக இருந்ததாகக் கேள்வி. நான் உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

கனியை இன்னும் அனுப்பவில்லை. அவள் தங்கை கூட இருக்கிறாள்.

மத்தியானம் சைக்கிளைத் துடைத்து வைக்கலாம் என்று போனேன். முன் பிரேக்கின் இடப்பக்கத்தில் ரப்பர் இல்லை. வெறும் இரும்பு உறை மட்டும் இருந்தது. ரப்பர் முன்கூடையில் கிடந்தது, ஆட்டோக்காரர் ரோட்டிலிருந்து எடுத்துப் போட்டிருப்பார். வலப்பக்கத்து ரப்பர் பாதி வெளியே வந்து தொங்கியது.

அந்த உறைக்கு ஒரு முனை அடைப்பு, மறுமுனை திறப்பு. திறந்த முனை வழியாகத்தான் ரப்பரைச் செருகுகிறார்கள். பின் பிரேக்கைப் பார்த்தேன். அங்கே இரண்டு உறையிலும் அடைத்த முனை முன்னோக்கி இருந்தது. சக்கரம் சுற்றும்போது ரப்பரை முன்பக்கமாகத்தான் இழுக்கும். அடைத்த முனை அதைத் தடுத்து நிறுத்தும். முன் பிரேக்கில் திறந்த முனை முன்னோக்கி இருந்தது.

பட்டுராஜ் கழற்றும்போது திருப்பி மாட்டியிருக்கலாம்.

இரண்டு உறையையும் கழற்றி, ரப்பரை உள்ளே தள்ளி, சரியான பக்கத்தில் மாட்டினேன். வேறு யாராவது எடுத்து ஓட்டினால் ஆபத்து. அதற்காகத்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கிரீஸ் எளிதில் போவதில்லை.

மார்ச் 20, வியாழன்

கனி வந்துவிட்டாள். விரல்முனை தவிர முழங்கைவரை மாவுக்கட்டு. நான் கஞ்சி கொண்டுபோனேன். "நீங்க அவ்வளவு அழகா வச்சிக் குடுத்தீங்க. அத அந்தாளு கெடுத்துட்டாரு பாருங்க ஆன்ட்டி" என்றாள்.

கஞ்சி ஆறுகிறது, குடி, என்றேன்.

மார்ச் 22, சனி

பட்டுராஜ் வந்தான். கையில் ஒரு பையில் நாட்டுக்கோழி முட்டை. மாடிக்குப் போய்க் கனியிடம் கொடுத்துவிட்டு, திரும்பும்போது என் வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"எம்மா, அன்னைக்கி ரெண்டு பேரு பக்கத்துல நின்னு சீக்கிரம் சீக்கிரம்னாவ. நான் எதையோ முறுக்காம விட்டிருக்கேன். எதன்னுதான் நெனப்புக்கு வரமாட்டேங்கு. நேத்து நீங்க கோயிலுக்குப் போயிருந்தப்ப வந்து சைக்கிளப் பாத்தேன். எல்லாம் நேராத்தான் இருக்கு. என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல."

நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"ஆனா நீங்க சொல்லி தப்பாவா இருக்கும்?" என்றான்.

"இனிமே பார்த்துச் செய்" என்றேன்.

இந்த வார்த்தையை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். அது என் வாயிலிருந்துதான் வந்தது.

மார்ச் 27, வியாழன்

ஞானப்பூ சொன்னது: பட்டுராஜ் பிரேக் வேலை என்று யார் வந்தாலும் மார்க்கெட் பக்கம் பெரிய கடைக்குப் போகச் சொல்கிறானாம். காற்றடிப்பது, பஞ்சர் ஒட்டுவது, அவ்வளவுதான். "கை நடுங்குதுன்னு சொல்லுதான் எம்மா. நேத்து ஒருத்தன், யண்ணே காத்தாவது ஒழுங்கா அடிச்சிருவியளான்னு கேலி பண்ணிட்டுப் போறான். அதுக்கும் சிரிக்கான். மூதி, திருப்பி நாலு வார்த்த கேக்கவேண்டாமா?"

சாளை மீன் வாங்கினேன். எலும்பு அதிகம்.

மார்ச் 30, ஞாயிறு

கனியின் வீடுகளை வேறொரு பையனுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்களாம். கை சரியானபிறகு பார்க்கலாம் என்றார்களாம். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவள் என்னைக் கேட்டாள். இடது கையால் தலை பின்னிக்கொள்ள முடியாமல் உட்கார்ந்திருந்தாள். நான் பின்னிவிட்டேன். என் விரல்களை நம்பித் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறந்த பிள்ளைபோல் உச்சந்தலை சூடாக இருந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

மார்ச் 18 அன்று எழுதியதை இன்று எடுத்துப் பார்த்தேன். "பட்டுராஜ் கழற்றும்போது திருப்பி மாட்டியிருக்கலாம்" என்ற வரியை அடித்துவிட்டேன். பஞ்சர் ஒட்ட அந்த உறைகளைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. கழற்றியது நான். உறையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணி எப்போதும் சக்கரத்துக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். இடப்பக்கத்து உறையை வலப்பக்கம் மாட்டினால், திருகாணி வெளியே வருவதற்காக உறையை முன்பின்னாகத் திருப்பித்தான் ஆக வேண்டும். திருப்பினேன். அப்போது அது எனக்கு மிகவும் ஒழுங்காகத் தெரிந்தது.

இது எழுபத்திரண்டு வயதுக் கிழவி தெரியாமல் செய்த பிழை. பிழைக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. அதை 18ஆம் தேதி மத்தியானம், வாசல் கதவைச் சாத்திவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திருத்தி மாட்டினேனே, அது பிழை இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பாவசங்கீர்த்தனம். வேறு பங்குக் கோவிலிலிருந்து வந்த இளம் சாமியார். என் குரல் தெரியாதவராக இருக்கட்டும் என்றே அவர் இருந்த பக்கம் போனேன். முதலில் பொறுமையின்மை, பிறகு ஜெபத்தில் பராக்கு, பிறகு நாவடக்கம் இல்லாமை. அதன்பின் இதை.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, இத என்கிட்ட சொல்றது சுலபம். நான் நாளைக்கு ஊருக்குப் போயிருவேன். அந்தக் கடைக்காரருக்கு நீங்க சொன்னாத்தானே தெரியும்?"

"நான் அவனுக்காக ஜெபிக்கிறேன் சாமி."

"ஜெபிங்க. ஜெபிச்சிட்டுப் போய்ச் சொல்லுங்க."

ஏப்ரல் 14, திங்கள்

சொன்னேன்.

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். பட்டுராஜ் எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். உட்காரவில்லை. நின்றுகொண்டே, பிரேக் கட்டைகளை மாற்றியதையும், அதைப் பிறகு திருத்தி மாட்டியதையும் சொன்னேன். மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் வந்தது.

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு சிரித்தான்.

"பெரிய வெள்ளி வருத வாரம்லா. அதான் எம்மேல எரக்கப்பட்டு இப்படிச் சொல்லுதீய."

"இல்ல பட்டுராஜ். நிஜமாத்தான் சொல்றேன்."

"நான்தான் வந்து பாத்தேனம்மா. உறை ரெண்டும் சரியான பக்கமாத்தான் இருந்துச்சு. நீங்க ஒரு வேலய எடுத்தா எப்படிச் செய்வீயன்னு தெருவுக்கே தெரியும். உங்களுக்கு நல்ல மனசு. விடுங்க. பட்டது பட்டாச்சு."

நான் எவ்வளவு சொல்லியும் அவன் கேட்கவில்லை. கடைசியில் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தான். நல்லவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு, சோடா குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இதைவிட அவன் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கனியிடம் சொல்ல மாடி ஏறினேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாளைக் காலை பட்டுராஜ் கடைக்கு என்னோடு வர வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். எதற்கு என்றாள். வா, என்றேன்.

ஏப்ரல் 16, புதன்

சைக்கிளை நானே உருட்டிக்கொண்டு போனேன். கனி பின்னால் வந்தாள். காலை நேரம், கடைக்கு எதிரே பால் பூத்தில் நல்ல கூட்டம். நேற்றுவரை ஆள் இல்லாத நேரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். இன்று அந்தக் கூட்டம் இருந்தது எனக்கு ஒருவகையில் வசதியாயிற்று. தனியாக இருந்திருந்தால் திரும்பி வந்திருப்பேன்.

"பட்டுராஜ், ஒரு ஸ்பேனர் கொடு. ஸ்டூல் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தேன். புடவையைப் பற்றி யாரோ ஏதோ சொன்னார்கள். முன் பிரேக்கின் இரண்டு உறைகளையும் கழற்றினேன். ஒருமுறை வெளியே வந்த ரப்பர் இப்போது உறைக்குள் தளர்வாகத்தான் இருந்தது. இடது, வலது. மார்ச் 8 அன்று செய்ததுபோலவே மாற்றி மாட்டினேன். "அன்னைக்கு இப்படித்தான் மாட்டினேன், அவ விழுந்தப்புறம் நானேதான் திருத்தி வச்சேன்" என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னேன். ஒரு நட்டு விரலிலிருந்து நழுவி உருண்டது. ஞானப்பூ எடுத்துக் கொடுத்தாள். அவள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"பட்டுராஜ், இப்ப ஏறு. மெதுவாப் போ. அந்தக் கம்பம்கிட்ட போய் பலமா அழுத்து. காலை ஊனத் தயாரா வச்சுக்கோ."

பட்டுராஜ் கனியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு ஏறினான். நடக்கிற வேகத்தில்தான் போனான். கம்பத்தின் அருகே அழுத்தினான். டப் என்று ஒரு சத்தம். சைக்கிள் நிற்கவில்லை. அவன் காலைத் தேய்த்து நிறுத்தினான். ரப்பர் ஒன்று ரோட்டில் குதித்து பால் பூத்து வரிசையில் நின்றவர் காலடியில் போய் விழுந்தது.

அவர் அதை எடுத்து எல்லாருக்கும் காட்டினார்.

பட்டுராஜ் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உறையைத் தடவிப் பார்த்தான். "அப்ப நான் இல்ல" என்றான். மறுபடி, கொஞ்சம் உரக்க, "நான் இல்லல்லா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான். ஞானப்பூ, "நீ இல்லப்பா, நீ இல்ல" என்றாள். அவன் முகத்தைத் தோள் துண்டால் மூடிக்கொண்டு கடைக்குள் போய்விட்டான். உள்ளே டப்பாக்களை அங்குமிங்கும் நகர்த்துகிற சத்தம் கேட்டது.

நான் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது. கனி எதிரே வந்து நின்றாள். கை கொடுப்பாள் என்று நினைத்தேன்.

"மாத்தி மாட்டுனது தெரியாமச் செஞ்சது, ஆன்ட்டி. அதுக்கு ஒண்ணும் இல்ல. திரும்பச் சரியா மாட்டுனீங்களே, அது எப்ப?"

"நீ விழுந்த மறுநாள்."

"நான் ஆஸ்பத்திரில இருந்தப்ப."

"ஆமா."

"அதுக்குப் பெறகுதான் எனக்குத் தலை பின்னிவிட்டீங்க."

"ஆமா, கனி."

அவள் தலையை ஆட்டினாள். கடை வாசலுக்குப் போய், "அண்ணே, வெளிய வாங்க. என்னை மன்னிச்சிருங்க. வண்டிய நீங்களே மாட்டிவைங்க, கை சரியானதும் வந்து எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு நடந்து போய்விட்டாள். என்னைத் தூக்கிவிட்டது ஞானப்பூ. அவள் கையில் மீன் வாடை. "எந்திங்க எம்மா, வெயிலேறுது" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. வாய் ஓயாதவள்.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. உபவாசம். சிலுவை முத்தி செய்யும் வரிசையில் முன்னால் நின்ற இருவர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

ஏப்ரல் 19, சனி

மாலையில் கோவிலுக்குப் போகும் வழியில், பட்டுராஜ் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியையின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி பிரேக் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் குரல் கொடுத்தான்.

"எம்மா, சித்த நின்னு பாத்துட்டுப் போங்க. நேரா இருக்கான்னு சொல்லுங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் கேலியாகக் கேட்டானா, பழக்கத்தில் கேட்டானா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. நின்றேன். சக்கரத்தைச் சுழற்றிவிட்டான். இரு பக்கமும் இடைவெளி ஒன்றுபோல் இல்லை, வலது கொஞ்சம் கூடுதல். அவன் கை நடுங்கவில்லை.

"உங்க வேலை. நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

அவன் மறுபடி ஸ்பேனரை எடுத்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பாஸ்கு. காப்பியில் சர்க்கரை போட்டேன். பாதிக்குமேல் குடிக்கவில்லை.

பத்து மணிக்குக் கனி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். தங்கை வீட்டுக்குப் போகிறாள். தலையை அவளே ஒருவிதமாக முடிந்திருந்தாள். "ஹேப்பி ஈஸ்டர் ஆன்ட்டி" என்றாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. கேக் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள், நன்றாக இருக்கிறது என்றாள். வேலைக்கு மே மாதம் வரச் சொல்லியிருக்கிறார்களாம். சந்தோஷம் என்றேன்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் மாடி வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போவாள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், கரண்ட் போனால் பார்க்க வேண்டும். குடிவந்த நாளிலிருந்து அப்படித்தான். இன்றும் கேட்டுவரை பேசிக்கொண்டே வந்தோம். அவள் கைப்பையைத் திறந்தபோது நான் வழக்கம்போல் கையை நீட்டினேன்.

அவள் சாவியை உள்ளே போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. கேட்டின் கொண்டி சரியாக விழுகிறதா என்று பார்ப்பதுபோல் அதைப் பிடித்துக்கொண்டேன். அவள் தெருமுனை திரும்பும்வரை அதை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தேன்.